சிவப்புக் கோட்டுப் பெட்டி

"எனக்கு அந்தச் சிவப்புக் கோடு போட்ட பெட்டிதான் வேணும் சார். டப்பாவில இருந்து எண்ணிப் போடற மாத்திரை என் பொண்ணுக்கு வேணாம்."

பிரேசர் டவுனில் தியோடரின் மருந்துக் கடை முன்னால் நின்று டோரதி இதைச் சொன்னபோது அவள் காதில் கம்மல் இல்லை. காலையில்தான் விற்றிருந்தாள். மகள் மௌரீனுக்குக் காசநோய். டாக்டர் எழுதிய மாத்திரையை ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் வியாதி திரும்பி வந்து ஆளையே கொண்டுபோய்விடும். கம்மல் விற்ற பணத்துக்கு அந்தச் சிவப்புக் கோட்டுச் சீமைப் பெட்டி ஒரு மாதத்துக்குத்தான் வரும். அடுத்த மாதம் விற்க வீட்டில் ஒரு பித்தளைக் குடம்கூடக் கிடையாது.

தியோடர் பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மல்லேஸ்வரத்துத் தேசிகன் கோட்டும் டையுமாக, காலடியில் கனத்த தோல் பையை வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். அவர் காதில் விழக் கூடாதென்று தியோடர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஸ்வல்ப கேளும்மா. டாக்டர் மருந்து பேரைத்தான் எழுதிருக்கார், கம்பெனி பேரை எழுதல. இது நம்ம ஊர்ல செஞ்சது. உள்ளே இருக்கற மருந்து ஒண்ணுதான். விலை கால்வாசி."

அந்தக் கடைசி வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. டோரதி கண்டோன்மென்ட் பங்களாக்களில் ஆயாவாக இருந்தவள். வெள்ளைக்காரன் கப்பலேறிப் பத்து வருஷமாகியும், துரைசானியின் மருந்து அலமாரி அவள் மனதை விட்டுப் போகவில்லை. ஒட்டிய பெட்டி, உள்ளே மடித்த காகிதம், பஞ்சு அடைத்த புட்டி, இதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு. வேலைக்காரர்களுக்குக் காய்ச்சல் என்றால் துரைசானி ஒரு தகர டப்பாவைத் திறந்து எதையோ பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். இப்போது தியோடர் கையில் இருந்ததும் தகர டப்பாதான்.

"கால் விலைன்னா கால் மருந்துதானே சார்? ஆயா பொண்ணுக்கு இது போதும்னு நினைச்சிட்டீங்களா? பெரிய வீட்டுக்காரங்க யாராவது இதை வாங்குவாங்களா?"

பாதி கோபமும் பாதி பயமுமாக அவள் கண் கலங்கிவிட்டது. தியோடர் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து தேசிகன் எழுந்து வந்துவிட்டார்.

"நான் வாங்கறேம்மா. என் சம்சாரம் ருக்மிணிக்கும் இதே வியாதிதான், இதே டப்பா மாத்திரைதான். படுத்த படுக்கையாக் கிடந்தவ, இப்போ தினம் கோயிலுக்கு நடந்து போறா."

டோரதி அவருடைய கோட்டைப் பார்த்தாள். பளபளக்கும் பூட்ஸைப் பார்த்தாள். பெரிய வீடுகளில் இந்த வியாதியின் பெயரை அக்கம்பக்கத்தில்கூட மூச்சுவிட மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவர் நடுக் கடையில், நாலு பேர் காதில் விழும்படி சொல்கிறார். இது பொய்யாக இருக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தப் பணத்துக்கு எத்தனை வருமோ அத்தனையும் டப்பா மாத்திரையே போடச் சொன்னாள். நாலு மாதத்துக்கு வந்தது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேசிகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லிங்கராஜபுரம் பக்கமாக வேகமாக நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் தியோடர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? மேலே தெரிஞ்சா உங்க வேலை போயிடுமே."

"யார் போய்ச் சொல்லப் போறா? ருக்மிணிக்கும் தீர்ந்துபோச்சு, ஒரு மாசத்துக்குக் கட்டுங்கோ" என்றார் தேசிகன், சாவதானமாக.

தியோடர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வைப்பதற்காக அவர் தோல் பையைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகச் சிவப்புக் கோடு போட்ட பெட்டிகள். பொட்டலத்தை அவற்றுக்கு அடியில் பத்திரமாகச் செருகிவிட்டு, அந்தச் சீமைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி டையைச் சரிசெய்துகொண்டு பென்சிலை எடுத்தார்.

"சரி, இந்த மாசம் எங்க பெட்டி எத்தனை டஜன் எழுதிக்கட்டும்?"