கேட்டருகே நின்றவள்

முத்தம்மா இன்றும் வந்து கேட்டருகே நின்றுவிட்டாள். மாடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார் ஆசீர்வாதம். மேலும் பார்க்கத் துணியாமல் திரையை விட்டுவிட்டார்.

கீழே அவருடைய குடோன், மேலே வீடு. போன மழையில் திருவொற்றியூர்ச் சந்தெல்லாம் தண்ணீர் நின்றபோது, குடோன் கேட்டை ஒட்டிய கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனான் அவள் மகன் நிதிஷ். தொட்டியின் மூடி உடைந்து வெகுநாளாகியிருந்தது.

அலட்சியத்தால் நேர்ந்த சாவு என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள் முத்தம்மா. அதிலிருந்து சாயங்காலமானால் இப்படி வந்து நிற்கிறாள். திட்டுவதில்லை, அழுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டாள்.

"சாபம் விடுதாளோ என்னமோ," என்றாள் மனைவி மகிமா. "எனக்குப் பயமா இருக்கு. மொதல்ல அந்தக் குழிய மூடுங்க."

அதைத்தான் அவரும் வக்கீல் ரகுபதியிடம் கேட்டிருந்தார்.

"கேஸ் முடியுற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க," என்றார் வக்கீல். "நீங்க கவனமா இருந்திருக்கணும், இல்லாம போனீங்க, அதனாலதான் பையன் செத்தான்னு அவங்கதான் நிரூபிக்கணும். இப்ப மூடி போட்டா, தப்பு நம்மளுதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அந்தம்மாகிட்ட பேசவும் கூடாது. வருத்தம்னு ஒரு வார்த்தை சொன்னாக்கூட அதையே சாட்சியமாக்கிடுவாங்க."

ஆசீர்வாதம் அவளிடம் பேசவில்லை. தொட்டி மேல் பழைய தகரம் ஒன்றைப் போட்டுவைத்தார். லாரி திரும்பும்போதெல்லாம் அது நகர்ந்துவிடும்.

குழாயைத் திறந்தால், தண்ணீர்ச் சத்தத்துக்குள் யாருக்கோ மூச்சு முட்டுவது கேட்டது. குளியலறை வாளியை நிரம்பவே விடமாட்டார். பள்ளிவிட்டு வந்த மகள் பெனிஷா பின்னாலிருந்து "அப்பா" என்று கூப்பிட்டால்கூட உடம்பு தூக்கிப்போட்டது.

இன்று மதியமே மழை பிடித்துக்கொண்டது. சந்தில் மறுபடி தண்ணீர் ஏறியது. இந்நேரம் போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பவும் எட்டிப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் அப்படியே நின்றிருந்தாள். தகரத்தைக் காணோம்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. வக்கீல் சொன்னதெல்லாம் மறந்துபோய், செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார்.

"என்னம்மா வேணும் ஒனக்கு? எங்கள என்ன செய்யணும்னு தெனமும் இங்க வந்து நிக்க?"

முத்தம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு காலால் தண்ணீருக்குள் தொட்டியின் விளிம்பைத் தேடித் தேடி மிதித்தபடி, சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஸ்கோல் வேன் வர்ற டைம் நைனா. உன் பொண்ணுக்கு தண்ணில குழி தெரியாது."