நாகமுத்துவின் பாதித் தலை

அறுபத்தெட்டில் நடந்த இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் பழவேற்காடு ஏரி வற்றிப்போகட்டும். கோடையில் அது பாதி வற்றுவது வேறு விஷயம்.

நாகமுத்துவின் வலது நெற்றியில் பக்கத்து வீட்டு எல்லம்மா அப்பிய சுக்குப் பத்தில், வந்து உட்கார்ந்த ஈ வெந்து கருகியது. வலி மட்டும் அசையவில்லை.

"ஐயோ, பாதித் தலைய அறுத்து எறிங்கடி! மீதிய வச்சிக்கினு பொழச்சிக்கிறேன்!"

அவன் கத்தக் காரணம் இருந்தது. விடிந்தால் அவன் பாடு. ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி வைத்த முறை அது. தவறவிட்டால், முறை சுற்றி வரும்வரை கரையில் குந்தவேண்டியதுதான். அடுத்தவன் நாளில் வலை போட்டாலோ, விழுந்த இறாலெல்லாம் அந்த அடுத்தவனுக்கே.

எல்லம்மா நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து ஆவி வேது பிடிக்கவைத்தாள். கூரைமேலிருந்த சேவல் மயங்கி விழுந்தது. மிளகுப் புகை போட்டாள். தெருவே தும்மிய வேகத்தில், கட்டியிருந்த தோணி ஒன்று ஆந்திராவில் போய் ஒதுங்கியது.

நாகமுத்துவின் பாட்டுக்கு அடுத்த நாள் பாடு அருணகிரியுடையது. அவன்தான், பாவம், பொன்னேரிக்குச் சைக்கிள் மிதித்துக் கம்பவுண்டர் ஜெயராஜை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"பத்து, வேது எல்லாம் நிறுத்துங்க. ஒத்தத் தலவலிக்கு இருட்டும் தூக்கமும்தான் வைத்தியம். இந்த மாத்திரயப் போட்டுப் படுக்கட்டும், தானா எந்திரிக்கிற வரிக்கும் எழுப்பாதீங்க. எந்திரிச்சப்புறமும் ஒரு பொழுது அவர்கிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தம் பட்டா வலி திரும்பிடும்."

"எம் பொஞ்சாதி வாய மூடறதுக்கு எங்க மாத்திர கீது?" என்றான் நாகமுத்து.

"நீ பொழச்சி எந்திரிய்யா, மூடிக்கிறேன்" என்றாள் கங்கம்மாள்.

மயக்கம் தெளிந்த சேவல் கூவியது. நாகமுத்து கண் விழித்தான். தலை பஞ்சாய் இருந்தது. வலையை அள்ளிக்கொண்டு பாய்ந்தான். கங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டிக் குதித்தாள்.

"வலி போனதுல இவளுக்கு இன்னா சந்தோசம்!" என்று பூரித்துப்போனான்.

அன்றைக்கு விழுந்த இறாலுக்குத் தோணியில் இடம் போதவில்லை. நாலு இறால் அவன் மடியில் ஏறி உட்கார்ந்தே வந்தன.

கரையில் அருணகிரி காலிக் கூடைகளோடு குந்தியிருந்தான்.

"பாத்தியாடா! தலவலியும் பூட்ச்சி, பாடும் கெடச்சிச்சி!"

வலி திரும்பிவிடக் கூடாதே என்று அருணகிரி அவன் காதோரம் குனிந்து, மிக மெல்லச் சொன்னான்:

"நேத்து பூரா நீ தூங்கிக்கினு இருந்தண்ணா. இன்னிக்கு என் பாடு."