தாடியர்

தாடியர் இன்றைக்கும் சாப்பிடவில்லை. குலசிங்கம் சீவி வைத்த கரட்டும் கீரையும் தட்டில் அப்படியே வாடிக் கிடந்தன.

"எனக்காகவெண்டாலும் ஒரு வாய் சாப்பிடு, ராசா," என்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கெஞ்சினார். உள்ளே, முழ நீளத்தில், கழுத்தைச் சுற்றி முள்ளுத் தாடியோடு படுத்திருந்த அந்த ஓணான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அது அவர் மனைவி இராசமலரின் செல்லம். பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்தில் வீடு வாங்கிய புதிதில் யாரோ கொடுத்ததென்று கொண்டுவந்து, தான் தைக்கிற அறையில் வைத்து வளர்த்தாள். குலசிங்கத்துக்கு ஓணான் என்றாலே அருவருப்பு. அந்த அறைப் பக்கமே போகமாட்டார். அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "உந்த ஓணான் கதையை என்னட்டைக் கொண்டு வராதை," என்று பேப்பரை விரித்துவிடுவார்.

எண்பத்தேழாம் ஆண்டு வைகாசியில், நெஞ்சு நோகுதென்று ஆஸ்பத்திரிக்குப் போன இராசமலர் திரும்பி வரவில்லை. செத்த வீட்டில் குலசிங்கம் அழவில்லை. அடுத்த கிழமையே ஒனிஹங்காவில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். ஏன் அழுகை வரவில்லையென்று அவருக்கே விளங்கவில்லை.

வீட்டில் மிஞ்சியது தாடியர்தான். முதலில் கையுறை போட்டுக்கொண்டு சாப்பாடு வைத்தவர், பிறகு வெறுங்கையாலேயே முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆனியும் ஆடியும் குளிர்காலமான அந்த நாட்டில், குளிர் இறங்க இறங்க அது தீனியைக் குறைத்தது. பிறகு மூலையில் போய் முடங்கிக்கொண்டது.

அவளைத் தேடுகிறது என்றே அவர் நினைத்தார். "எனக்கு வராத துக்கம் உனக்கு வந்திட்டுது," என்றார் அதனிடம்.

ஆடியில் ஒருநாள் எவ்வளவு தட்டியும் அது கண் திறக்கவில்லை. தன்னோடு வேலை செய்யும் ஊர்ப் பெடியன் எட்வேட்டைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எட்வேட் தொட்டுப் பார்த்தான். "முடிஞ்சுது, அண்ணை. ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"உடம்பு விறைக்கேல்லையே?"

"சின்ன உடம்புதானே. கவலையிலை போயிட்டுது. விடுங்கோ."

இராசமலர் வெட்டி மிச்சம் வைத்த பூத்துணி ஒன்றில் அதைச் சுற்றி, எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார்கள். மழை விடாமல் பெய்தது. மண்ணை மூடி முடித்ததும் குலசிங்கம் சேற்றிலேயே உட்கார்ந்து, "ராசமலர், ராசமலர்," என்று வாய்விட்டு அழுதார். எட்வேட் குடையைப் பிடித்தபடி நின்றான்.

அவள் போன பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு ஒழுங்காக நித்திரை வந்தது. அவளுக்காக உயிரைவிட ஒரு சீவனாவது இருந்ததே என்று நினைக்க, மனதில் ஒரு ஆறுதல். அதன் பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கதைக்கவும் முடிந்தது.

புரட்டாசியில் வெயில் எறிக்கத் தொடங்கியிருந்தது. வாசல் மணி அடித்தது, உஷா நின்றாள். நியூ லின் துணிக்கடையில் இராசமலரோடு வேலை செய்தவள். செத்த வீட்டுக்குப் பிறகு தாயைப் பார்க்க மெட்ராஸ் போய், இப்போதுதான் திரும்பியிருந்தாள். கையில் ஒரு போத்தல், அதற்குள் புழுக்கள் நெளிந்தன.

"தாடியருக்குத்தான், அண்ணா. குளிர் விட்டதும் வருஷா வருஷம் நான்தானே கொண்டாந்து குடுப்பேன்."

"குளிர் விட்டதும் எண்டால்?"

"குளிர்காலம் பூரா திங்காம, அசையாம, செத்தது மாதிரி கிடப்பாரே. முழிச்சா அகோரப் பசியா இருக்கும்னு அக்கா சொல்வாங்க."

குலசிங்கம் எலுமிச்சை மரப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உஷா செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னண்ணா, இன்னுமா தூங்குறார்?"