அவள் நிரலில் என் குரல்

மேஜைமேல் இரண்டு ராணுவ ரேடியோக்கள், வேறு வேறு கம்பெனிகள் செய்தவை. ஜன்னல் வெயில் இரண்டின் பச்சைப் பெயின்ட்டிலும் ஒன்றுபோல விழுகிறது. எந்தக் கம்ப்யூட்டர் நிரலை ஏற்றுகிறோமோ அதன்படி பேசும் பெட்டிகள் இவை. என் நிரல் இடதுபக்கத்துப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். வேகத்துக்காக அதன் சிப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். இப்போது அதை அழித்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரி எழுதியதைப் போட்டிருக்கிறார்கள். அதே நிரல், ஒரு வரிகூட மாறாமல், வலதுபக்கத்துப் பெட்டியிலும் ஏறுகிறது. திரையில் நகரும் கோடு எங்காவது நின்றுவிடாதா என்று பார்க்கிறேன். நிற்காமல் முடிகிறது. சீருடையில் வந்திருக்கும் அதிகாரி குனிந்து, "யாரும்மா எழுதினது?" என்கிறார். "நான்தான் சார். அண்ணன்கிட்ட கத்துக்கிட்டது," என்று என்னைக் காட்டுகிறாள். பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது. அதிகாரி வலதுபக்கத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போகிறார். "அண்ணே, நீங்களே பேசிப் பாருங்க," என்று மைக்கை நீட்டுகிறாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்கிறேன். வராந்தாவிலிருந்து என் குரல் வருகிறது, இரைச்சல் இல்லாமல், கரகரப்பு இல்லாமல். என் நிரலில் நான் ஒருநாளும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.