வாசலில் ஒரு குவியல்

“அந்த விளம்பர நோட்டீஸையெல்லாம் தொடாதீங்க” என்று, வாசலில் குனிந்த தையல்காரரை மனைவி தடுத்தாள். “உங்க அண்ணன் குடும்பத்தோட பத்து நாள் தங்க வர்றாராம். வாசல் இப்படிக் கிடந்தா, நாம ஊர்ல இல்லன்னு திரும்பிடுவார். போனையும் அணைச்சு வைங்க.”

அழைப்புமணி மூன்று முறை அடித்து ஓய்ந்தது.

பிறகு கதவைத் திறந்தால், வாசல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

“குப்பையைக்கூட அள்ளிப் போட்டுட்டுப் போயிருக்கார், பாவம்” என்றார் தையல்காரர்.

மனசு உறுத்தியது. அடுத்த வாரமே, வருவதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் ஊருக்கு பஸ் ஏறினார்கள்.

அங்கேயும் வாசல் நிறைய நோட்டீஸ். மணியடித்தும் யாரும் வரவில்லை.

“நம்மளை மறந்துட்டு எங்கயோ கிளம்பிட்டாங்க போல” என்றாள் மனைவி.

தையல்காரர் குனிந்து பார்த்தார். அத்தனையும் தன் ஊரில், தன் தெருக் கடைகளின் நோட்டீஸ்.