எட்டு மணி நேரம்

ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரத்தில், டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு ட்ரெய்லர்கள் விற்கும் கடையில் இருந்தவற்றிலேயே பெரியதைத் தட்டிக் காட்டினார் ரஸ்ஸல். "இதுதான். ஒரு மாசம் மலையில இருக்கப்போறோம். கரன்ட் வேணாம், டாக்டர் வேணாம், எவன் தயவும் வேணாம்."

விற்பனையாளர் டெல் அவருடைய டிரக்கைச் சுற்றிப் பார்த்தார். "உங்க வண்டி ஐயாயிரம் பவுண்டுதான் இழுக்கும் சார். இது காலியாவே நாலாயிரத்து எண்ணூறு. தண்ணி ரொப்பினா, இறக்கத்துல இதுதான் உங்களைத் தள்ளிட்டுப் போகும்."

ரஸ்ஸலின் மனைவி கொரினுக்கு இறக்கம் பெரிதாகப் படவில்லை. "பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்குமா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"இருட்டுன்னா இவளுக்கு உதறல்," என்று சிரித்தார் ரஸ்ஸல்.

"சின்ன ட்ரெய்லரா எடுத்தா பெரிய பேட்டரி வைக்கலாம். அதுல என்ன ஓடணும், மேடம்?" என்று கேட்டார் டெல்.

கொரின் வாய் திறப்பதற்குள் ரஸ்ஸல் முந்திக்கொண்டார். "இவளோட ஹேர் டிரையர்!"

"எவ்வளவு நேரம்?"

"எட்டு மணி நேரம்," என்றாள் கொரின். "நடுவுல ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. தூக்கத்துல இவருக்கு மூச்சு நின்னு போகுது. அதுக்காக முகத்துல மாட்டிக்கிற மூச்சு மெஷின் நின்னா, நான் அந்த மலையில யாரைக் கூப்பிடுவேன்?"

ரஸ்ஸல் குனிந்து ட்ரெய்லர் சக்கரத்தை ஆராயத் தொடங்கினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

டெல் முகம் மாறாமல் படிவத்தில் 'சின்ன ட்ரெய்லர், பெரிய பேட்டரி, ஹேர் டிரையர்' என்று எழுதினார்.

"கவலைப்படாதீங்க சார், இந்த வாரத்துல இது ஏழாவது ஹேர் டிரையர். எங்க ஐடஹோ பொம்பளைங்க எல்லாருக்குமே முடி காய சரியா எட்டு மணி நேரம் ஆகுது."