கடைசி வரிசைச் சீட்டு

"செங்கமலமும் விலை போயிட்டாங்க போல," என்றார் பேராசிரியர் ஜீவானந்தம்.

மாதாந்திரக் கேள்வி-பதில் கூட்டம் முடிந்து, ஸ்ரீபெரும்புதூர் பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அரசியல் தத்துவம் அவர் பாடம். டி.வி. விவாதத்தில் அவர் நீதி பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிராளி தண்ணீர் டம்ளரைத் தேடுவார். அப்பேர்ப்பட்டவர் மாதாமாதம் இந்த ஹாலுக்கு வருவது ஒரு துண்டுச் சீட்டுக்காகத்தான்.

கடைசி வரிசையிலிருந்து கை மாறி வரும். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சில் எழுத்து. கீழே, 'செங்கமலம், ஒரகடம்'. ஆளை அவர் பார்த்ததே இல்லை.

'வேற வழி இல்லாம போட்ட கையெழுத்து சம்மதமா சார்?' என்றது முதல் சீட்டு. கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த ஊர் அல்லவா. அதற்குப் பதில் தேடி எழுதிய கட்டுரைதான் அவரை வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டுபோனது.

இப்போது ஏழு மாதமாகச் சீட்டு வரவில்லை. எழுதும் புத்தகம் பாதியில் நிற்கிறது. ஊரே கைதட்டினாலும், அந்தப் பென்சில் எழுத்துக்கு மனசு ஏங்கிக்கொண்டே இருந்தது.

"பையனுக்கு கம்பெனில வேலை போட்டுக் குடுத்திருப்பாங்க. ஜனங்க கேள்வி கேக்கறதையே விட்டுட்டா என்ன ஜனநாயகம், மகாராஜா?"

மகாராஜா தென்காசிப் பக்கத்துக்காரன். கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. லீவு நாளில் இந்தக் கூட்டங்களை நடத்துபவன்.

"அந்தம்மா மாசந்தவறாம வாராங்க சார். ஷிப்ட மாத்திட்டு வாராங்க."

"வர்றாங்களா? அப்புறம் ஏன் சீட்டு அனுப்பல?"

"அனுப்புதாங்களே."

மகாராஜா பையிலிருந்து ஏழு காலண்டர் தாள்களை எடுத்து நீட்டினான்.

"துணைவேந்தர் வந்த அன்னைக்கு அவங்க கேள்விக்குப் பதில் சொல்ல முடியாம தடுமாறுனீங்கல்லா. 'இனிமே இந்தம்மா சீட்டு மேடைக்கு வரக்கூடாது'ன்னு நீங்கதான சார் சொன்னிய."

காரில் ஏறும்போது கோபத்தில் சொன்னது. அவருக்கு மறந்தே போயிருந்தது.

மேலே இருந்த தாளை எடுத்தார். இன்றைய தேதி. பின்பக்கம் அதே பென்சில் எழுத்து.

'ஏழு மாசமா பதில் சொல்லாம போறீங்களே சார், உடம்பு சரியில்லையா? என் கேள்வி கஷ்டமா இருந்தா சொல்லுங்க, லேசா கேக்கறேன்.'